மேட்டுக்குடி

மயாமியில் மலை இல்லை.
இருப்பதெல்லாம் ஒரு சுண்ணாம்புத் திட்டு,
கடலுக்கு மேலே மூன்று மீட்டர்.
ஏறுகிறோம் என்று கால்களுக்குக்கூடத் தெரியாது.
பள்ளிப் பேருந்தின் என்ஜின் மட்டும்
லேசாக முனகும்.

அந்தத் திட்டின் மேல்
இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறான் ஓடிலோன் தெஸிர்,
கோழிகள் சிக்னலை மதிக்காமல் தெருவைக் கடக்கும்
லிட்டில் ஹைட்டியில்.
வந்த புதிதில் கடற்கரைப் பக்கம் வீடு கேட்டான்.
தரகர் சிரித்தார்:
உன் பணத்துக்குக் கடல் தெரியாது.
தெரியாவிட்டால் போகிறது என்று
ரயில் பாதையோரம்
இரண்டு அறை, ஒரு மாமரம்.

அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
யாரும் கேட்டு எழுதுவதில்லை, சொந்தப் பழக்கம்.
எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் என்று
நீல மையில் குறித்துவைப்பான்.
மழைத் தண்ணீர் அல்ல.
அக்டோபர் பௌர்ணமிகளில்,
வானம் துடைத்துவிட்டதுபோல் கிடக்கையில்,
சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு
கடல் வரும்.

*பெலிகன் தெரு. கணுக்கால்.*
*கோரல் சந்து. சக்கரத்தில் பாதி. காலை 8.10.*
*மடவை ஒன்று, உயிரோடு.*

உப்பு பிரேக்கைத் தின்றுவிடும் என்று
பணிமனையில் திட்டுவார்கள். சுற்றிக்கொண்டு போவான்.
பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

போன மார்ச்சில்
முக்காலிக் கருவியோடு ஓர் இளைஞன்
மாமரத்தடியில் நின்றான்.
நிலத்தை அளக்கிறீர்களா?
இல்லை, உயரத்தை.
மிர்லாந்த் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.
நல்ல இடத்தில் இருக்கிறீர்கள், என்றான்.
இத்தனை வருடத்தில்
அந்தத் தெருவைப் பார்த்து யாரும் சொல்லாத சொல்.
அவளுக்கு வயிறு கலங்கியது.

ஜூனில் கடிதம் வந்தது.
ஆயிரத்து நூறு, இனி இரண்டாயிரத்து நானூறு.
முடிதிருத்தும் வில்னேர் அதற்கு முன்பே போய்விட்டான்.
தேவாலயம் இருந்த கட்டிடத்தில்
பாதாம் பாலில் காபி போடுகிறார்கள்.

வந்தவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை ஓடிலோனுக்கு.
அவர்கள் வீட்டுக்கு இனிக் காப்பீடு கிடையாதாம்.
கார் நிறுத்தும் தளத்துக்குக் கடல்
இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனதாம்.
பயந்தவன் மேடு தேடுவான்.
கையில் காசிருந்தால் அவனும்தான்.

என் மொழியில் பணக்காரரை
மேட்டுக்குடி என்போம்.
பேச்சுக்குச் சொல்வது என்றிருந்தேன்.
இந்த ஊரில் அதைக் கருவி வைத்து அளக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடினார்கள்.
கட்டுப்படியாகும் வாடகைகளை மிர்லாந்த் வாசிப்பாள்,
அவன் நோட்டைப் புரட்டுவான்.
பெலிகன் தெரு?
இருக்கிறது, நான்காம் பக்கம்.
கோரல் சந்து?
ஒன்பது, பதினொன்று, மறுபடி இருபது.
புதுப் பெயிண்ட், மஞ்சள் வீடு, கடலுக்கு ஏழே நிமிட நடை...
கடலுக்கும் அதே ஏழு நிமிடம்தான், என்றான்.
நீ எழுதாத தெருவே இல்லையா?
இருக்கிறது.
அங்கேயிருந்துதான் நம்மைக் கிளம்பச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் குடிபோனார்கள்.
கட்டில் கால்களுக்கு நான்கு செங்கல்.
சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரி கேட்டாள்:
இதற்கு முன் கடல் பக்கம் இருந்திருக்கிறீர்களா?
கேட்டேன், என்றான் ஓடிலோன்.
அப்போது தரவில்லை.

அடுத்த பௌர்ணமி.
வாசற்படியில் நின்றபடியே எழுதினான்:
*பெலிகன் தெரு. காலை 5.40. கணுக்கால்.*
பேனா கொஞ்சம் நின்றது.
தெருப் பெயரை அடித்துவிட்டு
*வீடு* என்று திருத்தினான்.

ஈரக் காலுறையோடு பேருந்தை எடுத்து
பழைய தெருவுக்குத் திரும்பினான்.
என்ஜின் முனகியது.
மாமரத்தடியில் ஒரு புதுப் பையன்
காத்திருந்தான்,
துளி ஈரமில்லாத வெள்ளை ஷூவில்.